சுரங்கத்தின் மேல் நிலம் அமிழ்ந்ததை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

மட்டக்கோல்:
நிலக்கரியை நீண்ட சுவராக வெட்டிக்கொண்டே போய், பின்னால் கூரையை விழவிடும் லாங்வால் முறையில், வெட்டுமுகப்பு அடியில் நகர்ந்த காலத்தில் மேலே தரைமட்டம் அளந்தவன் நான். தரை கிண்ணமாகக் குழிவதைப் பற்றி இங்குள்ளோருக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு மறக்காதது ஒரு வீட்டுச் சுவரின் விரிசல். முகப்பு நெருங்கியபோது விரல் நுழையும் அளவுக்குத் திறந்த அது, முகப்பு கடந்து போனதும் இறுகி மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் ஆபத்து நீங்கியதென்று மகிழ்ந்துகொண்டிருந்தபோதே விரிசலின் இரு உதடுகளிலும் பூச்சு நொறுங்கி உதிர்ந்தது. முன்னே ஓடும் இழுவிசையையும் பின்தொடரும் அமுக்கவிசையையும் அந்தச் சுவர் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தாழ்வு ஏறக்குறைய நாங்கள் கணித்தபடியே வந்தது.

மண்வாசி:
கணித்தபடி வந்தது என்று நிம்மதியாக எழுத லாங்வால்காரர்களால்தான் முடியும். எங்களுடையது கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக வெட்டாமல் விட்டு, பிறகு கைவிடப்பட்ட, ஆழம் குறைந்த பழைய சுரங்கம். மாலையில் உழுத வயலில் காலையில் செங்குத்தான ஒரு குழி. அறுந்த புல்வேர்கள் ஓரத்தில் தொங்கின, அடியில் கறுத்த நீர் நின்றது. முந்தைய நாள்வரை தரை சிறிதும் தாழ்ந்திருக்கவில்லை. கூரைப்பாறை இடிந்து விழ விழ வெற்றிடம் மேலேறுகிறது. உடைந்த பாறை அதிக இடம் பிடிப்பதால் ஆழமான சுரங்கத்தில் அந்த வெற்றிடம் தானே அடைபட்டுவிடும். எங்கள் வயலிலோ அடைபடுவதற்குள் தரையை எட்டிவிட்டது.

பாறைப்பொறி:
மண்வாசி சொல்வது குழிக்குப் பொருந்தும். தூண் சுரங்கம் எதையுமே கணிக்க முடியாது என்று அதை விரிக்கக் கூடாது. கைவிட்ட சுரங்கமொன்றில் தூண்களின் பக்கங்கள் ஏடு ஏடாக உரிந்து, இடை மெலிந்து நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். 1960இல் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் தூண்கள் தொடர்ச்சியாக நொறுங்கி 435 பேர் மாண்ட பிறகுதான், சாலமன், மன்றோ என்ற ஆய்வாளர்கள் நிலைத்து நின்ற 98 தூண் அமைப்புகளையும் இடிந்த 27ஐயும் ஒப்பிட்டு, 1967இல் தூண் வலிமைச் சூத்திரத்தை வெளியிட்டனர். அகலம் கூடினால் வலிமை கூடும், உயரம் கூடினால் குறையும் என்பதே அதன் சாரம்.

வீடு வாங்குவோர் நேர் அடியில் சுரங்கம் இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். பிரிட்டிஷ் நிலக்கரி அனுபவத்தில் பாதிப்பு செங்குத்திலிருந்து சுமார் 35 பாகை வெளியே பரவும்; 300 மீட்டர் ஆழமென்றால் வெட்டிய பகுதியின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 210 மீட்டர் தொலைவு. வெட்டிய பகுதியின் அகலம் ஆழத்தைப் போல 1.4 மடங்கை எட்டினால் தாழ்வு உச்சத்தைத் தொடும். நிரப்பாமல் விட்ட இடத்தில் அந்த உச்சம் வெட்டியெடுத்த நிலக்கரி அடுக்கின் தடிமனில் 90 விழுக்காடுவரை போகலாம். மணல் நிரப்பியிருந்தால் வெகுவாகக் குறையும். ஆகவே ஆழம், தடிமன், அகலம், நிரப்பினார்களா, தூண்களைப் பிறகு சீவி மெலித்தார்களா, சுரங்கத்தில் நீர் ஏறியிருக்கிறதா என்பவற்றைச் சுரங்க வரைபடத்தோடு வைத்துக் கேளுங்கள்.

மண்வாசி:
நான் வீடு வாங்கப் போகவில்லை. நீங்கள் கேட்கச் சொல்லும் வரைபடத்தில் எங்கள் குழி விழுந்த இடம் வெட்டப்படாத நிலக்கரி என்றே இருந்தது. பிறகு அருகில் துளையிட்டபோது கம்பி பாறையைக் கடந்ததும் பிடிப்பே இல்லாமல் சரேலென்று இறங்கியது.