நியூகாசில் ஜேர்சியைப் பார்த்து மாமி கேட்ட கேள்வி: கழகத்தை விடாமல் முதலாளியை எதிர்க்கலாமா?

கல்லடிக் காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் அலன் ஷியரர் விளையாடிய காலத்தில் இருந்தே இங்கிலாந்தின் நியூகாசில் உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகன். பெரியப்பா வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டீவி, அதில் மற்ற எல்லா அணியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர்களை மட்டும் வடிவாகப் பிரித்துப் பார்க்கலாம். அப்படித்தான் பிடித்தது, பிறகு விடவே இல்லை. மைக் அஷ்லி 2007இல் கழகத்தை வாங்கி 14 வருடம் வைத்திருந்த காலத்தில் 2009இலும் 2016இலும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம், அப்போதும் விடவில்லை. 2021 ஒக்டோபரில் 305 மில்லியன் பவுணுக்குக் கழகம் கைமாறி, அதில் 80 வீதம் சவூதியின் பொது முதலீட்டு நிதியத்துக்குப் போனபோது நானும் சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். 2025 மார்ச் 16 இரவு லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கிண்ணத்தை எடுத்தோம். 1955க்குப் பிறகு உள்நாட்டில் எடுத்த முதல் பெரிய கிண்ணம். டான் பேர்ண் தலையால் அடித்த கோலுக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு லைட் எரிந்தது.

விசயத்துக்கு வருகிறேன். 2022-23 பருவத்தில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு ஜேர்சி விட்டார்கள், அதைக் கொழும்பில் இருந்து எடுப்பித்திருந்தேன். போன மாதம் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நிற்கும்போது மாமி வந்தார். ரியாத்தில் ஒரு வீட்டில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு 2014இல் திரும்பி வந்தவர். என்னைப் பார்த்துவிட்டு அப்படியே படலையில் நின்றுவிட்டார்.

"இது என்ன மனே, சவூதிச் சட்டையா போட்டிருக்காய்?"

இல்லை மாமி, இது இங்கிலாந்துக் கழகம் என்றேன். கிட்ட வந்து, கழுத்துப் பக்கத்துப் பச்சைக் கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "அந்த வீட்டுப் பொடியன்மார் மூண்டு பேருக்கும் இதே மாதிரிச் சட்டை இருந்திச்சு. மெட்ச் நாளில ஊத்தையாக்கிட்டு வருவாங்க. மிசினில போட்டா பச்சை மங்கும் எண்டு கையாலதான் தோய்க்கச் சொல்லும் அந்த மனுசி." பிறகு, வாங்கினது ஆர், காசு எங்க இருந்து வருது என்று கேட்டார், சொன்னேன். "எனக்குப் பதினொரு மாசச் சம்பளம் வர இருக்கு. அவங்களுக்கு வெள்ளைக்காரண்ட ஊரில டீம் வாங்கக் காசிருக்கு, என்ன? நீயும் அதுக்குக் கை தட்டுறாய்."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டார். அன்றைக்குக் கழற்றிய சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது.

இதை எங்கள் கிழக்கு மாகாண ரசிகர் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். வந்த பதில்கள்: "விளையாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டு வராத." "போய் சிட்டிக்காரன்ட கேள்." "நீயெல்லாம் உண்மையான ரசிகனே இல்ல." ஒருவர் குழுவை விட்டுப் போகச் சொன்னார். இருபத்தைந்து வருடமாகப் பின்னால் நிற்கிறவனுக்கு, நேற்று வந்த முதலாளிக்காக இந்தப் பேச்சு. அதுதான் நெஞ்சில் குத்துகிறது. இந்த அணியை விடவும் முடியவில்லை, கை தட்டவும் கை வரவில்லை. நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

நீலச்சட்டை களுதாவளை எழுதியது:

அண்ணன், நான் மன்செஸ்டர் சிட்டிக்காரன், ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு இதில் கவலை இல்லை. 2008இல் அபுதாபிக் காசு வந்தது தெரியும், 2023 பெப்ரவரியில் நிதி விதிகளை மீறியதாக லீக் நிர்வாகம் நூற்றுக்கு மேல் குற்றச்சாட்டு வைத்ததும் தெரியும், கழகம் எல்லாவற்றையும் மறுத்ததும் தெரியும். ஆனால் காலை நாலு மணிக்குத் தோட்டத்தில் தண்ணி மாறி, பகல் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்த 90 நிமிசம்தான் இருக்கிறது, அதையும் கணக்குப் பார்த்துத்தான் பார்க்க வேண்டுமா?

எந்தப் பெரிய கழகத்தின் காசு சுத்தம்? கிளேசர் குடும்பம் 2005இல் கடன் எடுத்து மன்செஸ்டர் யுனைட்டட்டை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றினார்கள். பாரிஸ் கழகம் பிஎஸ்ஜி 2011இல் இருந்து கட்டார்காரரிடம். எங்கள் ஊரிலும் பாதி வீட்டுக்குக் கூரை ஏறியது மத்திய கிழக்குக் காசில்தானே. மாமிக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்காதது அந்த வீட்டுக்காரன், கழகம் இல்லை.

---

மருதமுனைத் தறி எழுதியது:

களுதாவளைத் தம்பி கடைசியாகச் சொன்னது சரி. அதை நான் முதலில் ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என்னுடைய காக்கா ஜித்தாவில் 12 வருடம் வேலை செய்தார், ஒரு மாதம் கூடச் சம்பளம் பிந்தியதில்லை, முதலாளி இவருடைய மகளின் கலியாணத்துக்குக் காசு அனுப்பினார். அந்த மண் எங்களுக்கு வேறு, அங்கேதான் கஃபா இருக்கிறது. சவூதி என்றாலே கெட்டவன் என்று இங்கே யாரும் எழுதத் தொடங்கினால் நான் மறுத்து எழுதுவேன்.

ஆனால் தம்பி, கிளேசரையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கிளேசர் கடன்காரன், அவ்வளவுதான். நியூகாசிலை வாங்கிய நிதியத்தின் தலைவர் சவூதிப் பட்டத்து இளவரசர். 2018 ஒக்டோபர் 2இல் சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல்லில் இருக்கும் சவூதித் துணைத்தூதரகத்துக்குள் போனார், வெளியே வரவில்லை. அவரைக் கொன்ற நடவடிக்கைக்கு இளவரசர் ஒப்புதல் கொடுத்தார் என்று 2021 பெப்ரவரியில் அமெரிக்க உளவுத்துறை அறிக்கை சொன்னது, அவர் மறுத்தார். அதே வருடம் ஒக்டோபரில், சவூதி அரசு கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உத்தரவாதம் கிடைத்துவிட்டது என்று சொல்லி லீக் நிர்வாகம் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. நிதியத்தின் தலைவர் யார் என்பது உலகத்துக்கே தெரியும்.

இன்னொன்று. கிழக்கில் இருக்கிற நாங்கள் இதைத் தூரத்து விசயமாகப் பேசவே கூடாது. மூதூர்ப் பிள்ளை ஒன்று 2005இல், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு, சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டது. பார்த்துக்கொண்ட குழந்தை இறந்துபோக, கொலை என்று தீர்ப்பு வந்து, எங்கள் அரசாங்கம் எத்தனையோ தரம் மன்றாடியும் 2013 ஜனவரியில் தலையை வெட்டினார்கள். செய்தி வந்த அன்று எங்கள் உம்மா அடுப்பு மூட்டவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பேப்பரில் பார்த்தவர்கள்தான் நீங்களும் அந்த வட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லாரும். மெட்ச் பாருங்கள், யார் வேண்டாம் என்றது. கேள்வி கேட்ட ஒருவனைக் குழுவை விட்டுப் போகச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

---

அக்கரைப்பற்று 05 எழுதியது:

நான் லண்டன் செல்சிக் கழகத்து ரசிகன். படிப்பிக்கிறவன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது பதில் இல்லை, ஒரு வெட்கம்.

2022 மார்ச் 5, பேர்ண்லி மைதானத்தில் மெட்ச் தொடங்கும் முன் உக்ரைன் மக்களுக்காக எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அந்த நேரத்தில் எங்கள் ரசிகர்கள், அப்போது கழகத்தின் முதலாளியாக இருந்த ரஷ்யக்காரர் அப்ரமோவிச்சின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பயிற்சியாளர் துச்செல், இதற்கான நேரம் இது இல்லை என்று கண்டித்தார். நான் அக்கரைப்பற்றில் வீட்டில் இருந்துகொண்டு அதே பெயரைச் சொல்லிக் கொண்டிருந்தேன். யுத்தம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, சின்ன வயதில் இரண்டு தரம் இடம்பெயர்ந்தவன். அப்படிப்பட்ட எனக்கு அன்றைக்கு அந்த மனிதன் கொண்டுவந்த கிண்ணங்கள் மட்டும்தான் கண்ணில் நின்றன. மகள் பக்கத்தில் இருந்தாள், "ஏன் வாப்பா அவங்க கை தட்டக்குள்ள நீங்க கத்துறீங்க" என்று கேட்டாள்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். மார்ச் 10 பிரித்தானிய அரசு அப்ரமோவிச் மீது தடை போட்டது. மார்ச் 12 சவூதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். மார்ச் 13 செல்சிக்கும் நியூகாசிலுக்கும் மெட்ச். ஹவேர்ட்ஸ் கடைசி நேரத்தில் கோல் அடித்து நாங்கள் 1-0. அந்த 81 பேரைப் பற்றிக் கேட்டபோது நியூகாசில் பயிற்சியாளர் எடி ஹவ், உதைபந்தைப் பற்றி மட்டும்தான் பேசுவேன் என்றார். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், அவரை விடலாம். ரசிகனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

ரசிகனால் ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021 ஏப்ரல் 18 தங்களுக்கென்று சுப்பர் லீக் என்ற தனிப் போட்டி தொடங்கப் போவதாக ஐரோப்பாவின் 12 பெரிய கழகங்கள் அறிவித்தன. ஏப்ரல் 20 எங்கள் ஆட்கள் செல்சி மைதானமான ஸ்டம்போர்ட் பிரிட்ஜ் முன்னால் வீதியை மறித்து நின்றார்கள், எங்கள் பழைய கோல்காப்பாளர் பெட்ர் செக் இறங்கி வந்து அணியின் பஸ்ஸை விடச் சொல்லிக் கெஞ்சினார், அன்று இரவுக்குள் ஆறு ஆங்கிலக் கழகமும் விலகின. தங்களுக்கு நோகும் என்றால் இரண்டே நாளில் உலகத்தைத் திருப்புகிறார்கள், மற்றவனுக்கு நோகும்போதுதான் அரசியல் வேண்டாம் என்கிறார்கள்.

---

வாவிமகள் எழுதியது:

ஜேர்மனியின் பயேர்ண் மியூனிக் ரசிகர்களை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? கட்டார் எயர்வேஸ் விளம்பர ஒப்பந்தம் வேண்டாம் என்று 2021 நவம்பர் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று சண்டை பிடித்தார்கள், 2023இல் அந்த ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. அங்கே அங்கத்தவர்களிடம் பாதிக்கு மேல் வாக்குரிமை இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் அந்தக் குரலுக்குப் பெறுமதி இருக்கிறது. அந்த ஆட்கள் அணியை விட்டுப் போகவில்லை, அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் நின்று பாடினார்கள்.

என்னுடைய அம்மா குவைத்தில் இருந்த ஏழு வருடத்தில் நான் வளர்ந்து முடிந்துவிட்டேன். கல்லடி அண்ணன், மாமி கேட்டதை அப்படியே குழுவில் எழுதியதற்கு நன்றி.

---

வெபர் கிழக்கு மூலை எழுதியது:

நான் இங்கிலாந்தைப் பற்றிப் பேச வரவில்லை. மட்டக்களப்பு வெபர் மைதானத்தின் கிழக்கு மூலையில் நின்று முப்பது வருடம் பொடியன்களுக்குப் பந்து உதைக்கப் பழக்கியவன் நான். எங்கள் ஊர்க் கழகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மண் வியாபாரி கழகத்துக்கு வந்தார். ஆற்றில் மண் அள்ளுகிறவர், அனுமதி இருக்கிற இடத்திலும் அள்ளுவார், இல்லாத இடத்திலும் அள்ளுவார் என்று ஊருக்கே தெரியும். இருபது ஜேர்சி, இருபது சோடி பூட்ஸ், ஒரு சுற்றுப்போட்டிக்கு முழுச் செலவு. முதுகில் தன் கடைப் பெயர் போட்டால் காணும் என்றார். அதுவரை எங்கள் பொடியன்கள் பாதிப்பேர் வெறுங்காலோடு விளையாடியவர்கள். கூட்டம் வைத்தோம். வயதான ஒருவர் மட்டும் எழும்பி, ஆற்றங்கரை உடைந்து வயலுக்குள் உப்புத் தண்ணி ஏறுதே, இதை வாங்கினால் நாளைக்கு அதை எப்படிக் கேட்பது என்றார். அவரைப் பேசவிடாமல் இருத்தினோம். இருத்தியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது கிரவல் வீதியால் விடிய மூன்று மணிக்கு டிப்பர் போகும். முன்பு பொடியன்கள்தான் மறிப்பார்கள், இப்போது மறிப்பதில்லை. யாராவது வெளியூர்க்காரன் அந்த ஆளைப் பற்றி ஒரு சொல் சொன்னால் முதலில் பாய்கிறவன் எங்கள் கோல்காப்பாளன். அவன் வயல்தான் முதலில் உப்பேறியது. அவர் எங்களிடம் வாயை மூடு என்று ஒருநாளும் கேட்டதில்லை. சட்டையைத்தான் தந்தார், வாயை நாங்களே மூடினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை, ஏழு மாதம். வெளி நிர்வாகத் தலையீடு என்று காரணம் சொன்னார்கள். நாட்டுக்காக ஒரு சர்வதேச மெட்ச் விளையாட முடியாது. என்னிடம் இருந்த 19 வயதுப் பையன் ஒருவன் அந்த வருடத்தோடு விட்டுவிட்டு இப்போது கட்டாரில் கம்பி கட்டுகிறான். அந்த ஏழு மாதமும் இந்த ரசிகர் குழுக்களில் ஒருவர் கூட அதைப் பற்றி எழுதி நான் காணவில்லை. மன்செஸ்டரில் யார் யாரை விற்றார்கள் என்பதுதான் ஓடியது.

---

கல்லடிக் காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வெபர் ஐயா, உங்களுடையதை நாலு தரம் வாசித்துவிட்டேன்.

களுதாவளைத் தம்பி, நீர் சொன்ன 90 நிமிசம் எனக்கும் வேண்டும், அதனால் மெட்ச் பார்ப்பேன், கோலுக்குக் கத்துவேன். ஜேர்சி இனி வாங்க மாட்டேன். முதலாளிக்காக ஒரு சொல்லும் பேச மாட்டேன், குழுவில் இருந்தும் போக மாட்டேன், போகச் சொன்னவரிடம் அதை நேராகவே எழுதிவிட்டேன். நியூகாசிலிலேயே இந்தக் காசை எதிர்க்கிற ரசிகர் குழு ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு மாமியின் கதையை அனுப்பியிருக்கிறேன். மாமியிடம் கேட்டுவிட்டுத்தான்.

குழுவில் எழுதியதற்குப் பிறகு மூன்று பேர் தனியாகச் செய்தி போட்டார்கள். ஒருவர் வாழைச்சேனை, இரண்டு பேர் ஏறாவூர். மூன்று பேரின் அம்மாமாரும் போய் வந்தவர்கள், ஒருவருக்குச் சம்பளம் இன்னும் நிலுவை.

அதனால் இன்னொரு உதவி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் இத்தனை வருடம் பழைய சம்பள முறைப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? மாமியிடம் ஒப்பந்தத்தின் பிரதி இருக்கிறது, ஏஜென்சி மூடிவிட்டார்கள்.

---

மருதமுனைத் தறி எழுதியது:

ஒப்பந்தம், பழைய கடவுச்சீட்டு, இகாமா என்கிற சவூதி வதிவிட அட்டையின் பிரதி இருந்தால் அதுவும், காசு அனுப்பிய வங்கித் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கள். காக்கா இப்படி ஒரு விசயத்துக்கு அலைந்தவர், அவரிடம் கேட்டு இரவைக்குத் தனிச் செய்தியில் எழுதுகிறேன். அந்த ஏறாவூர் ஆட்களையும் சேர்த்துவிடுங்கள்.