காற்சட்டைப் பையில் கைத்தொலைபேசி: விந்தணுவுக்குப் பாதிப்பா?

கேள்வி (ஹட்டன்): திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் எங்களுக்குக் குழந்தையில்லை. கைத்தொலைபேசியை நாள் முழுவதும் காற்சட்டைப் பையில் வைத்திருப்பதே காரணம் என்கிறார் மாமா. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் ஒரு கோடுதான் தெரியும். இது உண்மையா?

பதில் (பண்டாரவளை): 2023இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு, 2,886 இளைஞர்களைப் பரிசோதித்து, நாளுக்கு 20 தடவைக்கு மேல் தொலைபேசியைப் பயன்படுத்தியோரிடம் விந்தணுச் செறிவு குறைந்திருந்ததாகக் கூறியது; எனினும், காற்சட்டைப் பையில் வைப்பதற்கும் அக்குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதைக் கொண்டு தொலைபேசிதான் காரணமென முடிவுகட்ட இயலாது.

பதில் (நுவரெலியா): சிக்னல் குன்றிய பள்ளத்தாக்கில் கருவி கூடுதல் வலுவுடன் அலை அனுப்பும் (பற்றரி சீக்கிரம் இறங்குவதும் அதனால்தான்). வீட்டிலிருக்கும்போது மேசையில் வைத்துவிடுங்கள், செலவில்லாத காரியம்.

பதில் (தலவாக்கலை): தம்பி, மனைவியை மட்டும் மருத்துவரிடம் அனுப்பாமல் நீங்களும் செல்லுங்கள். 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்தபின் விந்துப் பரிசோதனை செய்வார்கள். புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.