கல்லீரல் கொழுப்பையும் கட்டியையும் எம்.ஆர்.ஐ. எப்படிக் காட்டுகிறது?

மன்னார்குடி வாசகர்:
நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ள என் தாயாருக்குத் தஞ்சாவூரில் எடுத்த வயிற்று ஸ்கேனில், கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகவும் சிறு புள்ளி ஒன்று தென்படுவதாகவும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். ஊசி போட்டுத் திசு எடுக்காமலேயே கொழுப்பின் அளவை எப்படிச் சொல்கிறார்கள்? அந்தப் புள்ளி கட்டிதானா என்பதும் அதிலேயே தெரியுமா?

கும்பகோணம் இயற்பியல் ஆசிரியர்:
ஐயா, நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒரே காந்தப்புலத்தில் சற்றே வேறுபட்ட வேகத்தில் சுழல்கின்றன, 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் இந்த வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 220 சுற்றுகள். ஆகவே ரேடியோ அலையால் தூண்டியபின் சுமார் 2.3 மில்லி விநாடியில் இரண்டின் சமிக்ஞைகளும் ஒன்றையொன்று கழிக்கின்றன, 4.6 மில்லி விநாடியில் மீண்டும் கூடுகின்றன. இவ்விரு படங்களைக் கூட்டியும் கழித்தும் நீரையும் கொழுப்பையும் தனித்தனியே பிரிக்கலாம் என்று ஆய்வாளர் டிக்சன் 1984இல் காட்டினார். இப்போது இன்னும் பல நேரப்புள்ளிகளில் வரும் சமிக்ஞைகளையும் (எதிரொலிகள்) பதிவுசெய்து, கல்லீரலில் தேங்கும் இரும்பால் வரும் பிழையையும் திருத்துகிறார்கள். இப்படி அளந்த கொழுப்பின் பங்கு சுமார் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கொழுப்புக் கல்லீரல் என்பது வழக்கம். திசு ஆய்வு ஒரு துணுக்கை மட்டுமே காட்டும், இது கல்லீரல் முழுவதையும் அளக்கும். எனினும் கல்லீரல் தழும்பை இந்த எண் சொல்லாது. அதற்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி வேண்டும்.

திருவாரூர் ஆராய்ச்சி மாணவர்:
செல்கள் நெருங்கிய இடத்தில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாததை எம்.ஆர்.ஐ.யிலேயே எடுக்கும் டிஃபியூஷன் படம் காட்டும். கட்டியில் செல்கள் பெரும்பாலும் அப்படித்தான் நெருங்கியிருக்கும். ஆனால் சீழ்க்கட்டியும் அதில் அப்படியே தெரியும் என்பதால், படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்கும் காடோலினியம் மருந்தை ஊசி வழியே செலுத்தி எடுக்கும் படங்களையும் சேர்த்தே முடிவு சொல்வார்கள். அந்த மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறும், அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கிறது என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையை முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

கட்டியின் வளர்சிதை மாற்றத்தையே படமெடுக்கும் முறைகள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் உள்ளன. ஆக்சிஜன் இருந்தும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலத்தின் வடிவம்) மாற்றுவதை ஜெர்மன் அறிவியலாளர் வார்பர்க் கண்டறிந்தார். அந்த மாற்றத்தின் இடையில் உருவாகும் பொருள் பைருவேட். கார்பன்-13 என்னும் கார்பன் வகை சேர்த்த பைருவேட்டின் சமிக்ஞையைப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் பெருக்கிச் செலுத்தினால் அந்த மாற்றம் நேரடியாகத் தெரியும். புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் செய்த முதல் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆனால் அந்தச் சமிக்ஞை ஓரிரு நிமிடங்களில் மங்கிவிடுவதால் மருந்தை ஸ்கேனர் அருகிலேயே தயாரிக்க வேண்டும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) சேர்த்த குளுக்கோஸைக் குடிக்கச் செய்து எடுக்கும் முறைக்கு இந்த அவசரம் இல்லை. சாதாரண மருத்துவமனைகளுக்கு அதுவே முதலில் வரும் என்பது என் கணிப்பு.

நாகப்பட்டினம் ஸ்கேன் டெக்னீஷியன்:
கொழுப்பின் விழுக்காடு வேண்டும் என்று மருத்துவரின் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் வழக்கமான வயிற்றுப் படங்களோடு முடித்துவிடுவார்கள். மூச்சை வெளியே விட்டு அடக்கிக்கொள்ள அம்மாவை வீட்டிலேயே பழக்குங்கள். அசைந்தால் அளவு தவறும். உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.