புதுப்பிப்பு: மேவரிக் 88-இல் செய்த மாற்றங்கள்
டெக்சாஸ் வீட்டின் பாதுகாப்புக்கு வாங்கிய 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) மேவரிக் 88 பம்ப் ஷாட்கன்னில், அதாவது முன்கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியில், எதை மாற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் உடன்பிறப்பு போன்ற மாடலான மாஸ்பெர்க் 500-இன் பாகங்களையே போடுமாறு பலர் சொன்னீர்கள். பின்கட்டை அப்படியே பொருந்தியது. நீளம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்ததால், என் மனைவியும் அதை இப்போது தோளில் சரியாகப் பதித்துக் குறிபார்க்கிறார். முன்கைப்பிடிதான் இழுபறி: 500-இல் அதைத் தனியே கழற்றலாம், மேவரிக்கிலோ அது, இழுப்பை உள்ளே கடத்தும் இயக்கத் தண்டுகளோடு பிணைந்திருப்பதால், தண்டுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். மலிவுத் துப்பாக்கிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று, குழலுக்குக் கீழே தோட்டாக்கள் இருக்கும் தோட்டாக்குழாயைக் கவ்வும் பிடியொன்றில் சிறிய டார்ச்சை மாட்டிக்கொண்டேன். கையை நகர்த்தித்தான் அதை எரியவிட வேண்டும் என்பது மட்டும் குறை. 18.5 அங்குலக் குழலைத் தொடவில்லை. 18-க்குக் கீழே குறைத்தால் கூட்டரசுச் சட்டப்படி முன்அனுமதியும் பதிவும் தேவை. மிச்சப்பட்ட பணத்தில், அவசரத்தில் சட்டென்று திறக்கக்கூடிய பூட்டுப்பெட்டி ஒன்றைப் படுக்கையறையில் பொருத்தியிருக்கிறேன்.