வேகத்தடை ஏறினால் ஸ்பீடோமீட்டர் பூஜ்யம், யு0121 என்ற பழுதுக் குறியீடு (கோடு): ஏபிஎஸ் மாடியூலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (திருச்சி, 2016 டீசல் கார், 84,000 கி.மீ.)

வணக்கம். ஐப்பசி மழைக்குப் பிறகு இந்தக் கோளாறு. வேகத்தடையோ குழியோ, ஏறி இறங்கினால் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் விழுகிறது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் ஸ்டியரிங் விளக்கும் எரிகின்றன, ஸ்டியரிங் கனத்துப் போகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஸ்கேனர் போட்டால் எஞ்சின், மீட்டர், ஸ்டியரிங் மூன்றிலும் யு0121. ஏபிஎஸ் மாடியூல் போய்விட்டது, 48,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அம்மாவை டயாலிசிஸுக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப் போகிறேன். பாதி வழியில் ஸ்டியரிங் இறுகினால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (ஆட்டோ எலக்ட்ரீசியன், ஈரோடு)

தம்பி, பணம் கட்டிவிடாதீர்கள். யு0121 என்றால் "ஏபிஎஸ்ஸின் பேச்சு எனக்குக் கேட்கவில்லை" என்று மற்ற மாடியூல்கள் (வண்டியின் ஒவ்வொரு வேலையையும் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள்) சொல்கின்றன, அவ்வளவுதான். ஏபிஎஸ் செத்துவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. பல வண்டிகளில் வேகத்தைக் கணக்கிட்டு எல்லோருக்கும் சொல்வது ஏபிஎஸ்தான். அதன் பேச்சு நின்றால் முள் விழும், ஸ்டியரிங்கும் தடுமாறும். ஆள் ஊமையா, ஃபோன் லைன் அறுந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

லைன் என்பது மாடியூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'கேன்' இணைப்பு: கேன் ஹை, கேன் லோ என்று முறுக்கிவிட்ட இரண்டு ஒயர். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, பெரும்பாலும் ஏதாவது மாடியூலுக்குள்ளேயே இருக்கும். இரண்டும் பக்க இணைப்பில் சேர்வதால் மல்டிமீட்டரில் 60 ஓம் வர வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் 6ஆம், 14ஆம் பின்களுக்கு நடுவே அளந்து எண்ணைச் சொல்லுங்கள். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று தொடுகின்றன. சில வண்டிகளில் போர்ட்டுக்கும் லைனுக்கும் நடுவே கேட்வே என்ற இடைப்பெட்டி இருக்கும். அங்கே இந்த அளவு பொருந்தாது, ஒயரிங் படம் வேண்டும்.

பதில் (கார் வைத்திருப்பவர், மதுரை)

பழைய மார்க்கெட்டில் ஏபிஎஸ் யூனிட் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கிப் போட்டுப் பார்க்கலாமே?

பதில் (ஆட்டோ எலக்ட்ரீசியன், ஈரோடு)

வேண்டாம் சார். பிரேக் லைனைத் திறந்தால் உள்ளே புகுந்த காற்றை (ஏர்) எடுக்க வேண்டும், பல வண்டிகளில் யூனிட்டை அந்த வண்டிக்குப் பொருத்தும் கோடிங்கும் செய்ய வேண்டும். ஒயரில்தான் கோளாறு என்றால் அந்தச் செலவும் வீண். பிரேக் விஷயத்தில் "போட்டுப் பார்க்கலாம்" என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேட்டவர்

அளந்தேன் அண்ணா. 60.4 ஓம். அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறதா?

பதில் (ஆட்டோ எலக்ட்ரீசியன், ஈரோடு)

நிற்கும்போது நன்றாக இருக்கிறது. உங்கள் கோளாறு குலுங்கும்போது வருவது. அதனால் மீட்டர் முனைகளை போர்ட்டிலேயே வைத்துக்கொண்டு இன்னொருவரை ஒயரிங்கை ஆட்டச் சொல்லுங்கள்: ஏபிஎஸ் கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்), எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இடம், இடது பக்கக் கால் வைக்கும் இடத்து ஓரப் பலகைக்குப் பின்னால். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரை மட்டும் தொட வேண்டாம். எண் 120க்குத் தாவினால் அந்த இடம்தான். எங்கே ஆட்டியும் 60 அசையவில்லை என்றால் ஏபிஎஸ்ஸுக்குக் கரண்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பார்க்கலாம். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் அப்படியே இருக்கும், அதனால் 60 மாறாது. மழைக்குப் பிறகு வந்தது என்றீர்களே, காருக்குள் தரையில் விரித்திருக்கும் மேட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா?

கேட்டவர் (மூன்று நாள் கழித்து)

கிடைத்துவிட்டது! இடது முன் சீட்டின் மேட்டை அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. ஓரப் பலகையைக் கழற்றித் தம்பி அங்கிருந்த கப்ளரை லேசாக அசைத்ததும் 60.4 ஒரே தாவாக 121 ஆனது. பிரித்தால் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு, நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஏபிஎஸ்ஸுக்குப் போகும் கேன் லோ ஒயர் அது. தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது: வைப்பருக்குக் கீழே மழைநீர் வடியும் ஓட்டையை வேப்பஞ்சருகு அடைத்திருக்கிறது. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிறுத்துவேன். இப்போது ஒயரை எப்படிச் சேர்ப்பது?

பதில் (ஆட்டோ எலக்ட்ரீசியன், ஈரோடு)

களிம்பைச் சுரண்டிவிட்டு அப்படியே மாட்டாதீர்கள், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். எதிர்ப்பக்கப் பின்னையும் பாருங்கள், களிம்பு இரண்டு பக்கமும்தான் பிடிக்கும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை ஒயரை வெட்டிப் புது டெர்மினலை (ஒயர் நுனிப் பின்) அழுத்திக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். ஒட்டுப்போட வேண்டி வந்தால் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போட வேண்டும். முறுக்கை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவாகப் படுவதற்குத்தான் அந்த முறுக்கு. பேட்டரியை மாட்டிய பிறகு இக்னிஷனைப் போட்டு எர்த்தோடு அளந்தால் ஹையில் 2.6, லோவில் 2.4 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

கேட்டவர்

அப்படியே செய்தாயிற்று. ஹை 2.64, லோ 2.37. கோடுகளை அழித்துவிட்டு நேற்று அம்மாவைக் கூட்டிப் போய்வந்தேன். ஆஸ்பத்திரி வழியில் ஒன்பது வேகத்தடை, முள் ஒருமுறைகூட விழவில்லை. எலக்ட்ரீசியன் கூலி 900 ரூபாய். ரொம்ப நன்றி அண்ணா. மேட்டைக் கழற்றி மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறேன், அடியில் இருக்கும் பஞ்சு இன்னும் ஈரம் காயவில்லை.