ஓட்டு போடப் போறப்போ நம்ம மனசாட்சி: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கடலோரப் பையன்:
2019 எம்பி எலெக்‌ஷன் ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்னைக்கு வந்துச்சு ஞாபகம் இருக்கா? தேதிய மாத்தணும்னு கோர்ட் வரைக்கும் போனாங்க, நடக்கல. எங்க ஊரு தூத்துக்குடி பக்கம் கடலோரம். காலைல ஓட்டு, சாயங்காலம் பாதம் கழுவுற பூசைன்னு ஆயிருச்சு. அதுக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிஞ்சதுமே தெருவுல ஓட்டுக்குப் பணம் வெச்ச கவர் வர ஆரம்பிச்சிருச்சு. எங்க அம்மா வாசல்லயே நின்னுட்டாங்க, "இயேசுவ காட்டிக்கொடுக்க யூதாசு முப்பது காசு வாங்குன வாரம்பா இது, என் கையில இத திணிக்காத"ன்னு. கவர் கொண்டு வந்த பையனும் எங்க பங்குதான், அதாவது எங்க கோயில் சபைதான், தலைய குனிஞ்சிட்டு போயிட்டான். அதே வாரம் செவ்வாய்க்கிழமைதான் பணம் புடிபட்டதால வேலூர் தொகுதி எலெக்‌ஷனையே ரத்து பண்ணாங்க.

பக்கத்து வீட்டு மாமா "வாங்கிட்டு நமக்குப் புடிச்சவனுக்கே போட்டா பாவமா?"ன்னு கேட்டாரு. வாங்குறதும் சட்டப்படி குத்தம்தான் மாமா, அதோட கொடுத்தவன் அந்தக் காச எதுலருந்து திரும்ப எடுப்பான், நம்ம ஊருக்கு கடலரிப்பத் தடுக்குற தூண்டில் வளைவு கட்ட வர்ற காசுலருந்துதானேன்னு சொன்னேன். அவரு பதில் சொல்லல.

பங்குல அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேந்து ஜெபிக்குற அன்பியக் கூட்டத்துல ஒருத்தர் "சாமி, யாருக்குப் போடலாம்?"னு நேராவே கேட்டாரு. சாமியார் எந்தச் சின்னமும் சொல்லல. வரி கட்டுறது மாதிரி ஓட்டு போடுறதும் கடமைன்னு கத்தோலிக்கத் திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 2240வது பத்தில இருக்கு, ஆனா யாருக்குன்னு நீங்கதான் ஜெபம் பண்ணி, விசாரிச்சு, முடிவு பண்ணணும், அத நான் உங்களுக்காகப் பண்ண முடியாதுன்னாரு. எனக்கு அதுதான் சரின்னு படுது. பங்கே மொத்தமா ஒரு பக்கம் சாயணும்னு எதிர்பார்க்குறவங்க இருக்காங்க, அது மனசாட்சி இல்லங்க.

செபமாலை அக்கா:
நான் நர்ஸ். அமெரிக்கால இருக்குற என் தங்கச்சி, கருக்கலைப்பு ஒண்ணதான் பாக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்னு சொல்லுவா. இங்க அத அனுமதிச்சு 1971லேயே சட்டம் வந்தாச்சு, 2021ல சில பேருக்கு 24 வாரம் வரைக்கும் நீட்டிட்டாங்க, எங்க தொகுதில அதப் பத்தி ஒரு வேட்பாளர் வாயத் திறந்து நான் பாத்ததில்ல. அப்போ நான் எதை வெச்சு எடை போடுறது? வயித்துல இருக்குற புள்ள எனக்கு முக்கியம், அதனாலயே அந்தத் தாய்க்கு ராத்திரி ஆம்புலன்ஸ் வருதா, ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் இருக்காரா, அவ புருஷன் குடிய நிறுத்த எவனாவது வழி சொல்றானான்னு பாக்குறேன். போப் பிரான்சிஸும் 2024ல சிங்கப்பூர்லருந்து திரும்புறப்போ அமெரிக்கத் தேர்தலப் பத்தி கேட்டதுக்கு, அகதிகள விரட்டுறதும் குழந்தைகள கொல்லுறதும் ரெண்டுமே உயிருக்கு எதிரானதுதான், குறைஞ்ச தீமைய அவங்கவங்க மனசாட்சிப்படி தேர்ந்தெடுங்கன்னுதான் சொன்னாரு. அத தங்கச்சிக்கு அனுப்பினேன், ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம், இன்னும் ஒத்துப்போகல.

வயக்காட்டு விசுவாசி:
எங்களுக்கு கேள்வியே வேற. எஸ்சி பட்டியல்ல யார் யார்னு சொல்ற 1950 ஜனாதிபதி ஆணைப்படி தலித் கிறிஸ்தவங்களுக்கு எஸ்சி சலுகை கிடையாது. 1956ல சீக்கியருக்கும் 1990ல பௌத்தருக்கும் திருத்தினாங்க, நாங்க இன்னும் வெளிலதான். 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டமன்றத்துல எங்களயும் சேக்கணும்னு தீர்மானம் போட்டாங்க, அதோட அப்பிடியே நிக்குது. ஓட்டு கேட்டு வந்த ஒருத்தர்கிட்ட இதக் கேட்டேன், "பாத்துக்கலாம் தம்பி"ன்னாரு, அவருக்கு நான் போடல. ஆனா ஒண்ணு சொல்லணும், கல்லறைல கூட சாதி பாக்குற பங்கு நம்மகிட்டயே இருக்கு, அங்க உக்காந்துட்டு சாதி பாத்து ஓட்டு போடாதீங்கன்னு பிரசங்கம் வெச்சா எப்படி ஏறும்? என் சாதிக்காரர் நின்னப்பவும் அவரு மேல கேஸ் இருந்ததால நான் போடல, சொந்தக்காரங்க இன்னும் பேச மாட்டேங்குறாங்க.

கடலோரப் பையன்:
அண்ணே, இத எங்க அன்பியத்துல கட்டாயம் சொல்றேன். வேட்பாளர் மேல இருக்குற கேஸு, சொத்து எல்லாம் ஃபார்ம் 26 பிரமாணப் பத்திரத்துல இருக்கும், தேர்தல் ஆணையம் சைட்லயே எடுக்கலாம். நாங்க அத பிரிண்ட் போட்டு கூட்டத்துல சத்தமா வாசிக்கிறோம், எந்தக் கட்சின்னு பாக்காம எல்லாருடையதையும்.