15,300 கிலோமீட்டரை நான் வகுத்த கணக்கு

ஜன்னலோரம்:
அப்பாவுக்கு நியூயார்க்கில் காலை அறுவை சிகிச்சை. நான் சிங்கப்பூரில். நேர் விமானம், தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தேன். பதினேழு மணி நேரம் வந்தது. டிக்கெட்டில் பதினெட்டரை மணிக்கும் மேல். தாமதத்துக்கு இடம் விட்டு எழுதியிருப்பார்கள் என்று நம்பி, "உள்ளே கொண்டுபோகும் முன் வந்துவிடுவேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். நடுவில் கண் விழித்துத் திரையைப் பார்த்தால், விமானம் ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் மேல் போகிறது. நெஞ்சு படபடத்தது. பணிப்பெண்ணிடம் கேட்டேன். பின்காற்றைப் பிடிக்க இப்படிச் சுற்றுகிறோம், தூரம் கூடினாலும் நேரம் குறையும் என்றார். டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்குத்தான் இறங்கினோம். அப்பா இப்போது நலம். ஆனால் உள்ளே போகும்போது ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாராம்.

வடதிசை:
உங்கள் வலி புரிகிறது, ஆனால் அந்த வகுத்தலே தவறு. 900 என்பது உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்குக் காத்திருப்பது எல்லாம் டிக்கெட் நேரத்துக்குள் அடக்கம். டோக்கியோ–ஹெல்சிங்கி சுமார் 7,800 கிலோமீட்டர். சைபீரியா வழியாகப் பத்து மணி நேரத்துக்குள் போனவன் நான். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு அதே பயணம் பதின்மூன்று மணி நேரம். வடதுருவத்துக்கு மேல் போனோம். விமானமே உறங்க, கீழே எல்லையில்லாத வெண்மை. யாரையாவது எழுப்பிக் காட்ட வேண்டும் போலிருந்தது, எழுப்பவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பழைய பயணி:
பெர்த்–லண்டன், 14,500 கிலோமீட்டர், பதினேழு மணிக்கு மேல். இறங்கியபோது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஜன்னலோரம், இனி இப்படி அவசரம் வந்தால் தொலைவைப் பார்க்காதீர்கள். அதே விமானம் கடந்த இரண்டு வாரங்களில் உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். விமானத் தடங்காட்டும் தளங்களில் கிடைக்கும். திசையையும் பாருங்கள். நடு அட்சரேகைகளில் ஜெட் காற்றோட்டம், அதாவது விமானம் பறக்கும் உயரத்தில் வேகமாக வீசும் காற்று, மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, குளிர்காலத்தில் வலுக்கும். எனவே கிழக்கே போவதும் மேற்கே திரும்புவதும் ஒரே நேரம் எடுக்காது. இணைப்பு விமானம் என்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீணாகலாம். இறங்கிய பின் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் இரண்டு மணி நேரம் தனியாக வையுங்கள். காத்திருப்பவர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாள்கோடு:
பழைய பயணி காற்றைச் சொன்னார், தேதியை விட்டுவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஆக்லாந்து, சுமார் 10,500 கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். 11ஆம் தேதி இரவு ஏறினோம். இறங்கியது 13ஆம் தேதி காலை. இடையில் சர்வதேச தேதிக்கோடு. அதை மேற்கே கடந்தால் தேதி ஒரு நாள் முன்னே தாவிவிடும். என் மகளுக்கு 12ஆம் தேதி ஏழு வயது நிறைகிறது. டிக்கெட் எடுக்கும்போது பயண நேரத்தை மட்டும் பார்த்தேன். ஆக்லாந்தில் கதவு திறக்கக் காத்து நின்றபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என் பிறந்தநாள் எப்போது வந்தது?" என்று கேட்டாள்.